காரியக்காரர் குரல்

அய்யாவு குளித்து ஐந்து நாளாகியிருந்தது. ஐந்தாவது நாள் காலையில்தான் அவர் மகள் காளியம்மாள் அந்தக் குரலை முதன்முதலாக எடுத்தாள்.

ஆனி முடியப் போகிற சமயம். வாய்க்காலில் தண்ணீர் வந்து பத்து நாளாகி, குறுவை நடவு அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கியிருந்தது. காளியம்மாள் பன்னிரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு நடவுக்குப் போகிறவள். எந்த வயலுக்கு எத்தனை பேர், யார் நாற்றுப் பறிப்பது, யார் நடுவது எல்லாம் அவள் சொல்படிதான். அன்றைக்கு அந்தப் பன்னிரண்டு பேரும் தெருமுனையில் டிராக்டர் டிரெய்லரில் ஏறி உட்கார்ந்துகொண்டு அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவளோ வீட்டுக் கொல்லையில் அப்பாவின் முன்னால் நின்றிருந்தாள். அப்பாவுக்கு எழுபத்தைந்து வயது. நனைந்த வேட்டியோடு வைக்கோல் போருக்குப் பின்னால் குந்தியிருந்தார். வேட்டியிலிருந்து நாற்றம் வந்தது. மூன்று வருஷமாக இப்படித்தான். முதலில் மண்வெட்டிக்குப் பெயர் மறந்தது. பிறகு திருப்பூரில் இருக்கிற மகனை மறந்தார். போன தையிலிருந்து காளியம்மாளையே சில நாள் ஏற இறங்கப் பார்த்து, "நீ யாரு வூட்டுப் பொண்ணு?" என்று கேட்டார். மூளை சுருங்குகிற வியாதி, மருந்து கிடையாது, பக்குவமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கும்பகோணத்தில் டாக்டர் சொல்லிவிட்டார். பார்த்துக்கொள்ள அவளை விட்டால் ஆளில்லை. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரே மகளையும் கட்டிக் கொடுத்தாகிவிட்டது.

கெஞ்சிப் பார்த்தாள். கையைப் பிடித்து இழுத்தாள். அவர் தள்ளியதில் தண்ணீர்க் குடம் உருண்டு கொல்லையெல்லாம் சேறானது. டிராக்டர்காரன் ஹாரன் அடித்தான். அவளுக்கு அழுகைதான் வந்திருக்க வேண்டும். ஆனால் தொண்டையில் இருந்து வேறொன்று வந்தது.

"டேய் அய்யாவூ. எங்கடா போயிட்ட?"

அவர் எழுந்தார். தோளில் கிடந்த துண்டு தானாக இடுப்புக்கு இறங்கியது. முதுகு வளைந்தது. "இந்தா வந்துட்டேன் ஆண்டே" என்றார்.

"தண்ணிய ஊத்திக்கடா."

அவர் ஊற்றிக்கொண்டார். முதுகைக்கூட அவரே தேய்த்துக்கொண்டார்.

அது காயாரோகணத்தின் குரல். மிராசு நிலத்தைப் பார்த்துக்கொண்ட காரியக்காரர். அவர் செத்தே முப்பது வருஷமாகிறது. வாயில் வெற்றிலையை அதக்கிக்கொண்டு மூக்கால் பேசுவார். கூப்பிடுகிற பெயரின் கடைசி எழுத்தை இழுப்பார். மழை பிடித்து வேலையில்லாத சாயங்காலங்களில் அய்யாவு கன்னத்தை உப்பிக்கொண்டு அதை அப்படியே செய்து காட்டுவார். தெரு முழுக்க வந்து உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரிக்கும். காளியம்மாள் பத்து வயதிலேயே அப்பாவைப் பார்த்துப் பழகிக்கொண்டாள். அவளைச் செய்யச் சொல்லிவிட்டு அவரே உட்கார்ந்து சிரிப்பார்.

ஆனால் 'ஆண்டே' என்ற சொல் அப்படிச் சிரிக்கிற சமாசாரமில்லை. பண்ணையாட்கள் மிராசுதாரையும் அவருடைய ஆட்களையும் அப்படித்தான் கூப்பிட்டாக வேண்டும். துண்டு தோளில் இருக்கக்கூடாது, எதிரே உட்காரக்கூடாது. சங்கம் வைத்து கொடி ஏற்றிய வருஷம் அய்யாவு முதல் காரியமாக அந்தச் சொல்லுக்குத்தான் அபராதம் போட்டார். தெருவில் யார் வாயிலிருந்து 'ஆண்டே' வந்தாலும் மறுநாள் விடிந்ததும் சங்கத்துக் கொட்டகையைப் பெருக்க வேண்டும். நாக்கில் ஊறிப்போனது லேசில் போகுமா. ஆறு மாதம் கொட்டகை தினம் பளிச்சென்று இருந்தது. ஏழாவது மாதம் குப்பை சேர்ந்தது. அய்யாவு அந்தக் குப்பையைக் காட்டிக் காட்டிச் சந்தோஷப்பட்டார்.

அந்த மனிதரைத்தான் மகள் 'டேய்' போட்டாள். பெற்ற அப்பன் பெயரை அவள் அதுவரை வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. அன்று வாசலைத் தாண்டுமுன் கன்னத்தில் மூன்று முறை போட்டுக்கொண்டாள். வயலில் அவள் நட்ட இடத்தில் மட்டும் நாற்று ஊன்றாமல் மிதந்தது. பக்கத்தில் நட்ட ராஜாத்தி, என்னக்கா நட்டியா மெதக்க வுட்டியா என்று கேலி பேசினாள். மற்றவர்கள் சிரித்தார்கள். காளியம்மாள் திரும்பவும் குனிந்து ஒவ்வொன்றாக ஊன்றிக்கொண்டு வந்தாள்.

ஆவணிக்குள் அந்தக் குரல் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை என்றானது. கன்னத்தில் போட்டுக்கொள்வது நின்றுபோனது.

புரட்டாசியில் கிராம நர்ஸ் வந்து, திருவிடைமருதூரில் மறதி வியாதிக்காரர்களைப் பகலில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஓர் இல்லம் திறந்திருக்கிறார்கள் என்று சொன்னாள். காலை எட்டு மணிக்கு வேன் வரும், சாயங்காலம் ஐந்துக்குக் கொண்டுவந்து விடும். பழைய டுடோரியல் காலேஜ் ஒன்றை வாடகைக்கு எடுத்து நடத்தினார்கள். பெஞ்சும் கரும்பலகையும் அப்படியே இருந்தன. மூலையில் அரசாங்கம் கொடுத்த கலர் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. யாரோ தங்கள் வீட்டுக்கு வந்ததை இல்லத்துக்கு இனாமாகக் கொடுத்திருந்தார்கள். ஒன்பது கிழவர் கிழவிகள். காலையில் கஞ்சி. பிறகு கைக்கு வேலை வேண்டுமென்று புளி கொட்டை எடுக்கவும் நிலக்கடலை உரிக்கவும் கொடுப்பார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாய். இதையெல்லாம் பார்த்துக்கொண்டவள் ஹலீமா. கும்பகோணத்துப் பெண், நர்ஸ் வேலை படித்தவள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை வீட்டு ஆட்களையும் வரச்சொல்லி, டீயும் மிக்சரும் கொடுத்துப் பேச வைப்பாள். முதல் கூட்டத்தில், பார்த்துக்கொள்கிற நீங்களும் நோயாளிதான், உங்கள் உடம்பையும் சொல்லுங்கள் என்றாள். காளியம்மாளை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. இடுப்பு வலியைச் சொல்ல ஆரம்பித்தவள் பாதியில் அழுதுவிட்டாள்.

அய்யாவு அங்கே மூன்று நாள் உட்காரவில்லை, சாப்பிடவில்லை. சமையலுக்கு இருந்த அமிர்தத்தைத் தட்டாலேயே அடித்துவிட்டார். ஹலீமா காளியம்மாளை வரவழைத்துத் தன்மையாகத்தான் சொன்னாள். ஒரு வாரத்தில் பழகாவிட்டால் வைத்துக்கொள்வது கஷ்டம், இடத்துக்காக நாலு பேர் காத்திருக்கிறார்கள். வீட்டில் எப்படிச் சாப்பிட வைக்கிறீர்கள்?

சம்பா நடவு தொடங்க ஒரு வாரமிருந்தது. இந்த இடம் போனால் அவரை வீட்டில் கட்டிப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். போன வருஷம் ஒரு நாள் அப்படித்தான் போனாள். கயிறு அறுத்த தழும்பு அவர் காலில் இன்னும் இருந்தது.

"கொஞ்சம் அதட்டிக் கூப்புடணும்" என்றாள்.

"எப்படிக்கா? செஞ்சு காட்டுங்க."

செய்து காட்டினாள். அய்யாவு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றார். ஹலீமாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. தானும் ஒரு தரம் கூப்பிட்டுப் பார்த்தாள். குரல் சரியாக வரவில்லை என்றாலும் வேலை நடந்தது. "பாவம், எது சொன்னாலும் ஆண்டவனையே கூப்புடுறாரு பாருங்கக்கா. நல்ல பக்தி" என்றாள்.

அது ஆண்டவன் இல்லை என்று சொல்ல அந்த ஒரு நொடிதான் இருந்தது. காளியம்மாள் சொல்லவில்லை. "ஆமாங்க" என்றாள்.

அவள் செய்து காட்டியபோதே ஜன்னலோர நாற்காலியில் இருந்த ஒரு பெரியவர் தலையைத் திருப்பியிருந்தார். உலகநாதன் என்று பெயர். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர். ரெண்டு வேலி நிலத்துக்குச் சொந்தக்காரர். ஆள் எங்கே, ஆள் எங்கே என்று நாள் முழுக்கக் கத்திக்கொண்டே இருப்பார். எந்த ஆளைக் கேட்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு, 'ஆண்டே' என்ற சத்தம் கேட்டதும் கத்தலை நிறுத்தினார். "என்னடா?" என்று சாந்தமாகக் கேட்டார்.

மறுநாளிலிருந்து இருவரும் பிரியவில்லை. உலகநாதன் நாற்காலியில் இருப்பார். அய்யாவு கீழே குந்தியிருப்பார். அவர் காலை நீட்டினால் இவர் பிடித்துவிடுவார். மடை திறந்தாச்சா என்று அவர் கேட்பார், திறந்தாச்சு ஆண்டே என்பார் இவர். அவர் சாப்பிட்டு முடித்ததும் இவரும் சாப்பிடுவார். அதட்ட வேண்டிய அவசியம்கூட இல்லாமல் போனது. ஹலீமா அதைப் போட்டோ எடுத்துச் சட்டம் போட்டுக் கரும்பலகைக்கு மேலே மாட்டினாள். அதன் கீழே 'நட்பு' என்று எழுதியிருந்தது.

அடுத்த சனிக்கிழமைக் கூட்டத்தில் உலகநாதனின் மனைவி கமலாம்பாள் டீ கிளாசோடு காளியம்மாளைத் தனியே கூட்டிப் போனாள். எழுபது வயதிருக்கும். வைரத் தோடு போட்டிருந்த காதில் இப்போது கவரிங். கொஞ்ச நேரம் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணுக்குத் தெரியாது. டவுன்ல பொறந்தவ" என்றாள். "ஒனக்கும் எனக்கும் தெரியும்."

காளியம்மாள் தலை குனிந்துகொண்டாள்.

"மொத நாளே நான் சொல்லியிருக்கணும்மா. எங்க வூட்டுக்காரரு செய்யிறது தப்புன்னு தெரியாமயா இருக்கேன். ஆனா ரெண்டு வருஷத்துல இப்பதான் நான் மத்தியானத்துல கண் அசறேன். நீ சொல்லுவேன்னு நான் இருந்துட்டேன்."

"நீங்க சொல்லுவீங்கன்னு நான் இருந்தேம்மா. நடவு ஓடிக்கிட்டிருக்கு."

டீ ஆறி ஏடு படர்ந்துவிட்டது. இருவரும் அதைக் குடித்துவிட்டே கிளாசை வைத்தார்கள்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. பக்கிரி வந்தார். அய்யாவோடு கொடி பிடித்தவர், இரண்டு தடவை கூடவே ஜெயிலுக்குப் போனவர். நிலமில்லாதவர்களுக்கு இரண்டு ஏக்கர் தருவதாக அரசாங்கம் சொல்லியிருந்தது. தெருவுக்கு வரவேண்டிய தரிசை வேறு யாரோ வளைத்துப் போட்டிருந்தார்கள். அதற்காக மனு எழுதிக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு அலைந்து கொண்டிருந்தார். அதற்கு முன் கண் ஆபரேஷன் ஆகி நாலு மாதம் வெளியே வரவில்லையாம். தோழரைப் பார்க்காமல் என்னமோ போலிருக்கிறது, கூட்டிப் போ என்றார். வேண்டாம் என்று சொல்ல அவளுக்குக் காரணம் கிடைக்கவில்லை. வயலில் மழைத் தண்ணீர் முழங்கால் மட்டும் நின்றதால் அன்று நடவும் இல்லை.

இல்லத்து வாசலிலேயே பக்கிரி நின்றுவிட்டார். உள்ளே அய்யாவு தரையில் குந்தி உலகநாதனின் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். உத்தரவு ஆண்டே, உத்தரவு ஆண்டே என்று எதற்கோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முகம் தெளிவாக இருந்தது. மூன்று வருஷத்தில் இவ்வளவு தெளிவாக வீட்டில் இருந்ததில்லை. ஹலீமா ஓடிவந்து, உள்ளே வாங்கய்யா, தாத்தாவோட ஃபிரண்டா என்று கேட்டாள். பக்கிரி கும்பிட்டுவிட்டு, இன்னொரு நாள் வர்றேம்மா என்று திரும்பிவிட்டார்.

பஸ் ஸ்டாப்பில் வெகுநேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வார்த்தைய யாரு பாப்பா அவருக்குத் திருப்பிக் குடுத்தது?"

வியாதி என்று சொல்லியிருக்கலாம். அவரும் நம்பியிருப்பார். "நாந்தான் சித்தப்பா" என்றாள். குளிக்காத ஐந்து நாளையும், குடம் உருண்டதையும், ஹலீமா பக்தி என்றபோது ஆமாங்க என்றதையும் சொன்னாள்.

"எட்டுத் தடவ கொட்டகையக் கூட்டுனேன் நான்" என்றார் கடைசியில். "தெருவுலயே நாந்தான் அதிகம். ஓங்கப்பன் பக்கத்துல வந்து நிப்பாரு. மூலையில தூசி இருந்தா மறுக்கா கூட்டச் சொல்லுவாரு. எட்டாந் தடவ கூட்டுறப்ப அழுதுட்டேன். வாய் தானா சொல்லுது தோழரே, நான் என்னா செய்வேன்னேன். அன்னிக்குத் தொடப்பத்த வாங்கி அவரு கூட்டுனாரு."

காளியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நடவு இன்னும் எத்தினி நாளு இருக்கு?"

"பாஞ்சு நாளு இருக்கும்."

"ம்" என்றார். திட்டியிருந்தால் தேவலை. பஸ்ஸில் அவள் பக்கத்தில் இடமிருந்தும் அவர் உட்காரவில்லை. ஊர் வரும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார்.

திங்கட்கிழமை காலையில் காளியம்மாள் வேனிலேயே ஏறிப் போய் ஹலீமாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்கக் கேட்க ஹலீமா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். தான் எத்தனை தரம் அவரை அப்படிக் கூப்பிட்டோம் என்று எண்ணிப் பார்க்கிறவள் போல இருந்தாள். பிறகு எழுந்து போய் ஸ்டூல் போட்டு அந்தப் போட்டோவைக் கழற்றினாள். ஏன்க்கா அன்னிக்கே சொல்லல என்று அவள் கேட்கவில்லை. கேட்காததுதான் காளியம்மாளுக்குக் கனத்தது. இனிமேல் யாரும் அந்தக் குரலில் கூப்பிடுவதில்லை, இரண்டு பேரையும் வேறு வேறு அறையில் வைப்பது என்று முடிவு செய்தார்கள்.

அன்றைக்கு அய்யாவு சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. வீட்டில் காளியம்மாள் அப்பா அப்பா என்று கெஞ்சி இரண்டு வாய் நீராகாரம் புகட்டினாள். முக்கால்வாசி கழுத்தில் வழிந்தது. அங்கே உலகநாதன் மறுபடியும் ஆள் எங்கே என்று கத்தத் தொடங்கிவிட்டார் என்று வேன்காரர் சொன்னார். நாலாவது நாள் வயலில் இருக்கும்போது ராஜாத்தியின் செல்லுக்குப் போன் வந்தது. தாத்தாவுக்குத் தலை சுற்றுகிறது, சாயங்காலம் வரை பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குழாய் போட வேண்டியிருக்கும், நீங்கள் வந்து ஒரு தரம் பாருங்கள் என்றாள் ஹலீமா. காளியம்மாள் கையிலிருந்த நாற்று முடியை ராஜாத்தியிடம் கொடுத்துவிட்டு, கால் சேற்றோடு பஸ் ஏறினாள்.

பின்னறையில் அய்யாவு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பெஞ்சின் மேல் தட்டில் சோறும் கத்திரிக்காய் சாம்பாரும் இருந்தன. அவள் அப்பா என்றாள். அவர் பார்க்கவில்லை. பக்கிரி கூப்பிடுவது போல, தோழரே என்றாள். அந்தச் சொல்லாவது எங்கேயாவது போய்த் தொடும் என்று நினைத்திருந்தாள். அவர் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார்.

அவள் ஹலீமாவைப் பார்த்தாள். ஹலீமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"டேய் அய்யாவூ."

துண்டு இறங்கியது. "ஆண்டே."

"சாப்புடுடா."

அவர் தட்டுக்குப் போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்து, "ஒண்ணு கேக்கணும் ஆண்டே" என்றார்.

இத்தனை மாதத்தில் அவர் கேட்டதே இல்லை. சொன்னதைச் செய்வார், அவ்வளவுதான். "கேளுடா" என்று அந்தக் குரலே சொன்னது.

"எம்பொண்ணு காளி. ஆறு வயசாவுது. பண்ண மாடு மேய்க்க அனுப்பச் சொல்லி ஆள் வந்துச்சு. அது பள்ளியோடம் போவட்டும் ஆண்டே. அது வேலய நான் சேத்துப் பாத்துடறேன்."

காளியம்மாளுக்கு அந்த நாள் ஞாபகமிருந்தது. தெருப் பிள்ளைகள் பதினோரு பேர், தலையில் எண்ணெய் வழிய, வரப்பில் வரிசையாகப் பள்ளிக்கூடம் போனார்கள். அப்போது தெருவில் சங்கமும் இல்லை, கொடியும் இல்லை. வாத்தியார் வந்து கூப்பிட்டார், போனோம் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். அதை ஒருவர் கேட்டு வாங்கினார் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. அவரும் சொன்னதில்லை.

"சரிடா. போவட்டும். நீ சாப்புடு" என்றாள்.

"அது மட்டும் போனா ஆச்சா ஆண்டே? தெருவுல இன்னும் பத்துப் புள்ளைங்க இருக்கு."

சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார். ஆண்டேயின் எதிரில், தரையில், சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்தார். பயத்தில் அவர் கன்னம் துடித்துக்கொண்டிருந்தது. ஆனால் எழவில்லை.

"எல்லாமும் போவட்டும்."

"இன்னிக்கு வாயால சொல்லுவீங்க. நாளைக்கு நான் எங்க சொன்னேம்பீங்க. எழுதிக் குடுங்க."

ஹலீமா ரிஜிஸ்தரிலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பேனாவோடு கொடுத்தாள். காளியம்மாள் பெஞ்சில் வைத்து எழுதினாள். தெருப் பிள்ளைகள் பதினோரு பேரும் பள்ளிக்கூடம் போகலாம். விரலிலிருந்த சேறு தாளின் ஓரத்தில் ஒட்டியது. நீட்டினாள்.

"கையெழுத்து" என்றார்.

பேனாவை வைத்துக்கொண்டு சற்று நின்றாள். பிறகு காயாரோகணம் என்று எழுதினாள். துணைக்கால் போட்டு, கொம்பு போட்டு, அந்தப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்த குண்டு எழுத்தில்.

அவர் அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டார். சுவரைப் பிடித்து எழுந்து, பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தார். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஆனால் கை வைக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சுவார்த்தை முடிந்து எதிர்த்தரப்பு வெளியே போகக் காத்திருக்கிற பார்வை.

அவளுக்குப் புரிந்தது. வெளியே வந்தாள். குழாயடியில் நின்று, காலில் காய்ந்துபோயிருந்த சேற்றைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். போன பிறகும் கழுவிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஹலீமா கதவருகே வந்தாள். முகமெல்லாம் ஈரமாக இருந்தது.

"சாப்புடுறாருக்கா. அவர் கையாலயே பிசைஞ்சு சாப்புடுறாரு. வந்து பாருங்க."

காளியம்மாள் குழாயை மூடினாள். அங்கிருந்து நகரவில்லை.

"நான் வந்தா எந்திரிச்சிருவாரு" என்றாள்.